வேலைக்குத் திரும்பிய பிறகு

திருப்பூரிலிருந்து:

பேறுகால விடுப்பைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் பகிர விரும்புகிறேன். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சன்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவளாக இருந்தேன். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியிருந்தது. அதனால் 2018 ஐப்பசியில் பிறந்த என் மகளோடு ஏறத்தாழ ஆறு மாதம் வீட்டில் இருக்க முடிந்தது.

திரும்பிய பிறகுதான் சிரமம் தொடங்கியது. காலை பதினொரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். ஐரோப்பிய பையர்களின் (ஆடைகளை வாங்கும் நிறுவனங்களின்) மின்னஞ்சல்கள் நம்முடைய பிற்பகலில்தான் வந்து குவியும் என்பதால் மாலையில் நேரத்துக்குக் கிளம்பவும் முடியாது. சாம்பிள் அறையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே தாழிட்டுக்கொண்டு பாலைப் பீய்ச்சுவேன். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம்தான் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சித்திரை வெயிலில் அதையும் நம்பத் துணிவில்லாமல், ஐஸ்கட்டி போட்ட சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போவேன்.

ஒருநாள் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்ணொருவர், நனைந்த மேற்சட்டையைத் துப்பட்டாவால் மறைத்தபடி அந்த அறைக்கதவைத் தட்டினார். கைக்குழந்தையைத் தருமபுரிப் பக்கம் தாயாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். “ஒன்றரை ஷிப்ட் பார்த்தாத்தான் மேடம் வாடகை கட்ட முடியும். பாலை வாஷ்பேசின்ல பீய்ச்சி ஊத்தறப்பதான் மனசு கேக்க மாட்டேங்குது” என்றார். குடிக்க வேண்டிய குழந்தை எங்கோ இருக்க, பாலைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மீண்டும் மேசைக்குப் போய் நிற்க வேண்டிய நிலையை நினைத்து அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

எங்கள் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பறை இல்லாமல் இல்லை. சுவரில் யானைப் படமும் உள்ளே இரண்டு தொட்டில்களும் இருந்தன. ஆனால் பையர் தரப்பிலிருந்து ஆடிட் என்னும் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டுமே அது திறக்கப்படும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தமோ, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் காப்பறையும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதியும் தர வேண்டும் என்றது. இவற்றை எடுத்துக்காட்டி, அந்தப் பெண்ணும் நானும் இன்னும் சிலரும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். பலமுறை கேட்ட பிறகு ஆயா ஒருவரை அமர்த்தி, அறையைத் தினமும் திறக்கத் தொடங்கினார்கள். தருமபுரிக் குழந்தையும் வந்து சேர்ந்தது.

இருந்தும் ஒன்று தீரவில்லை. மாதச் சம்பளக்காரியான நான் எழுந்து போனால் எனக்கு எந்த இழப்பும் இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கேற்ற கூலியில் தைப்பவர் பால் கொடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய அன்றைய கூலி குறைகிறது. அந்த நேரத்துக்கும் கூலி கணக்கிட்டுத் தராதவரை, அனுமதி என்பது அவர்களுக்குப் பெயரளவில்தான்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

மாதச் சம்பளக்காரிக்கும் கூலிக்காரிக்கும் உள்ள வேறுபாடு என்று மேலே திருப்பூர்த் தோழி சொன்னதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு 2021 ஜூலை முதல் ஊழியர்களுக்கு 12 மாத விடுப்பு அளித்ததால், மகன் எழுந்து நிற்கும் வரை உடனிருந்தேன். அதே ஆண்டில் பிள்ளை பெற்ற என் ஓரகத்தி ஒரு விசைத்தறிக் கூடத்துக்குத் தார் (தறிக்கான நூல்) சுற்றப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஒருநாள் சம்பளம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் மாதமே பிள்ளையை எங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனார். பகலில் அவன் பாலுக்கு அழுதால் நானே அவனையும் மடியில் போட்டுக்கொள்வேன்.

பின்னர் அவர் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா என்பதைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அதில் 26 வாரப் பேறுகாலப் பணம் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஆறு மாதம் ஒரு சந்தாக் காலம்) 70 நாட்களுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு என்பதால், கருவுற்றது தெரிந்ததும் உங்கள் காப்பீட்டு எண்ணில் சந்தா ஏறியிருக்கிறதா என்று அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.