மலிவாகக் கிடைத்த 90 மி.மீ. லென்ஸ்: உங்களுக்கு என்ன நடந்தது?

நகானோவாசி:

லைக்காவின் டெலி-எல்மாரிட் 90, எஃப் 2.8 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம், தெளிவாக நிற்கும் ஆழம் குறைவு), 1974க்குப் பிறகு வந்த ஒல்லி வகை. அதன் பின்கண்ணாடியில் மூட்டம் படியும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கியதுதான் இரண்டு மாதமாக உறுத்துகிறது.

டோக்கியோ நகானோவில் ஒரு பழைய கேமராக் கடை. 28,000 யென். மற்ற இடங்களில் பார்த்த விலையில் பாதிகூட இல்லை. என் லைக்கா எம்6 ஃபிலிம் கேமராவில் மாட்டினால் கனமே தெரியவில்லை. விலைச் சீட்டின் ஓரத்தில் மூன்று எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கடைக்காரர் அதை விரலால் தொட்டுக்கூடக் காட்டினார். நான் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து, போன் டார்ச்சை முன்னால் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தேன். கஞ்சி வடித்த பாத்திரத்தைக் கழுவாமல் விட்டால் வெள்ளையாக ஒரு படலம் காயுமே, அதுதான். மறுநாள் அலுவலகத்தில் சீட்டைக் காட்டினேன். “குமொரி. மூட்டம் என்று அர்த்தம்” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை.

பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்தார். பாதி போனது. மீதி கண்ணாடியையே அரித்துவிட்டதாம். ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுத்தால் படத்தில் கறுப்பே இல்லை, எல்லாம் சாம்பல்.

குறைந்த விலையில் 85, 90, 100 வாங்கியவர்கள் சொல்லுங்கள். அடுத்ததையாவது சரியாக வாங்க வேண்டும்.

செம்மண்:

ஜூபிடர்-9, 85 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் ஸைஸ் செய்த பழைய சோனார் லென்ஸின் சோவியத் பிரதி. ஒளி புகும் துளைக்கு (அப்பர்ச்சர்) பதினைந்து இதழ், எவ்வளவு மூடினாலும் வட்டமாகவே நிற்கும். அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். பெஸ்ஸா ஆர் என்ற லைக்கா வகை ஃபிலிம் கேமராவில் மாட்டி ஊருக்கு எடுத்துப் போனேன்.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால வெளிச்சம். முழுக்கத் திறந்து, ஒரு மீட்டர் சொச்சத்தில், கண்ணில் ஃபோகஸ் வைத்து நான்கு படம் எடுத்தேன். நெகட்டிவ் வந்ததும் லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காதுத் தண்டட்டியில் உள்ள கீறல்கூட எண்ணலாம் போலிருக்கிறது. கண் இரண்டும் கலங்கிக் கிடக்கின்றன. நான்கிலும் அதே கதை.

அப்பத்தா அந்த வருடமே தவறிவிட்டார்கள். சோவியத் லென்ஸ் காண்டாக்ஸ் என்ற ஜெர்மன் கேமராவின் ஃபோகஸ் அளவில் செய்தது, லைக்கா அளவோடு ஒத்துப்போகாது என்று அதற்கப்புறம்தான் படித்தேன். லைக்கா வகை கேமராவுக்கு அந்த லென்ஸை யாரும் வாங்காதீர்கள்.

திருகாணி:

செம்மண், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் லென்ஸ் மேல் மட்டும் பழி போட வேண்டாம். இந்தக் கேமராக்களில் இரண்டு சாளரம் வழியே தூரத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் பொறிதான் ரேஞ்ச்ஃபைண்டர். பெஸ்ஸா ஆர்-இல் அதன் அடித்தளம், அதாவது சாளரங்களுக்கு இடையிலான தூரம், 37 மி.மீ., வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.68. பெருக்கினால் 25 மி.மீ.தான் வருகிறது. லைக்கா எம்6-க்கு 50, எம்3-க்கு 62. இந்த எண் கூடினால் ஃபோகஸ் துல்லியம் கூடும். 1.15 மீட்டரில் 85-ஐ எஃப் 2-இல் திறந்தால் தெளிவாக நிற்கும் ஆழம் சுமார் 2 செ.மீ. கண்ணிலிருந்து காது அதைவிடத் தள்ளி இருக்கிறது. அந்தக் கேமராவுக்கு அது பெரிய சுமை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். கடையில் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மாட்டிக் காட்டுவார்கள், படம் அருமையாக இருக்கும். அது கண்ணாடியை மட்டும்தான் சோதிக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரோடு லென்ஸ் சரியாக இணைகிறதா என்பதை உங்கள் கேமராவில் ஃபிலிம் போட்டுத்தான் பார்க்க முடியும். அதனால் திருப்பிக் கொடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முக்காலியில் வைத்து, மேசையில் செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, ஒரு வரியில் பேனாவால் கோடு போட்டு அதில் ஃபோகஸ் செய்யுங்கள். முழுக்கத் திறந்து, ஒன்றரை மீட்டரில் மூன்று படம், மூன்று மீட்டரில் மூன்று படம், கடைசியில் தூரத்துக் கட்டடம். ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைத் திருப்பிவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். அப்போதுதான் உங்கள் கண்ணின் தவறு எது, லென்ஸின் தவறு எது என்று பிரியும்.

அப்புறம் திருகுகளைப் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்காமல் வாங்கிய ஒரு லென்ஸில் ஒரு கண்ணாடியே தலைகீழாக மாட்டியிருந்தது.

செம்மண்:

நண்பரின் எம்3-இலும் போட்டுப் பார்த்தேன் சார். அதே காது. பெஸ்ஸா காரணமில்லை.

திருகாணி:

அப்படியானால் உங்களிடம் இருக்கும் லென்ஸ் அப்படி. உள்ளே ஃபோகஸைச் சரிசெய்யும் மெல்லிய வளையத்தை (ஷிம்) மாற்றலாம். கிட்டத்தில் சரியானால் தூரத்தில் கொஞ்சம் விலகும் என்பது உண்மைதான். ஆள் முகம் மட்டும் எடுப்பவருக்கு அது போதும்.

மழைக்கோடு:

எனக்குப் பிரச்சினை லென்ஸில் இல்லை, அடாப்டரில். கேனான் 100, எஃப் 3.5, திருகு மவுண்ட், அதாவது கேமராவில் திருகி மாட்டும் வகை. விலை குறைவு, கண்ணாடி சுத்தம். அதை லைக்கா எம் கேமராவின் மவுண்ட்டில் பொருத்த என்னிடம் இருந்த இடைவளையம் (அடாப்டர்) 50/75 வகை. எம்6-இல் அதைப் போட்டால் வியூஃபைண்டரில் 50, 75 லென்ஸுக்கான சட்டக் கோடுகள்தான் தெரியும், 90-க்கானது தெரியாது. அவசரத்தில் நான் யோசிக்கவில்லை.

தம்பி கல்யாணம். தாரை வார்க்கும்போது மூன்று பேர் கையும், மேலிருந்து விழும் தண்ணீரும் சட்டத்துக்குள் இருந்தன. படத்தில் அப்பாவின் கை மணிக்கட்டோடு நிற்கிறது. தண்ணீர் மட்டும் விழுகிறது, ஊற்றும் செம்பு இல்லை. 28/90 அடாப்டர் வாங்கியிருந்தால் செம்பும் வந்திருக்கும். 100-க்கு 90-இன் சட்டத்தைவிடச் சற்று உள்ளே வைத்து எடுத்தால் சரியாக வருகிறது.

பழைய ஆல்பம்:

சென்னையில் இருக்கிறேன். என்னிடம் லைக்காவின் எல்மார் 90, எஃப் 4. எஃப் 2.8 வேண்டும், 2 வேண்டும் என்று எல்லாரும் ஏன் தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. எஃப் 4-இல் ஒன்றரை மீட்டரில் ஆறு செ.மீ. தெளிவு கிடைக்கும், முகத்தின் பெரும்பகுதி அடங்கும். நான்கே கண்ணாடி. பிரித்துத் துடைப்பது சுலபம், விலையும் கம்மி.

நான் செய்த தவறு வேறு. ஒரு ஐப்பசியில் அதன் தோல் உறையிலேயே வைத்துவிட்டு, தை மாதம் திறந்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேர் விட்டிருந்தது. துடைத்தபின் லென்ஸ் பிழைத்தது, பூச்சில் தடம் இருக்கிறது. தோல் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நகானோவாசி தம்பி, நீங்கள் ஊர் திரும்பும்போது இதை மறக்காதீர்கள்.

நகானோவாசி:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மறுபடி போனேன். உள்ளே நுழையும் முன் எம்6-இன் சட்ட நெம்புகோலைத் தள்ளி, 90-இன் சட்டத்தில் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். சிறியதுதான், ஆனால் பழகிவிடும் என்று தோன்றியது. பழைய ஆல்பம் அண்ணே, எல்மார் 90 ஒன்று இருந்தது. சீட்டை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரரே டார்ச் எடுத்துக் கொடுத்தார். இரண்டு தூசி, வேறொன்றும் இல்லை. திருகுகளும் சுத்தம். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்றார்.

செய்தித்தாளை நிறுத்தி எடுத்தாயிற்று. ரோல் 22வது படத்தில் இருக்கிறது.