சார்லியை அப்படியே விட்டிருக்கலாமா?

ஒயிட்ஃபீல்டுவாசி:
டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ நாவலை மெட்ரோவில் போகவர நான்கு நாளில் முடித்தேன். 1959இல் சிறுகதையாக வந்து, 1966இல் நாவலாக வளர்ந்தது. நியூயார்க் பேக்கரி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் சார்லி கார்டனுக்கு வயது 32, ஐ.க்யூ. என்னும் அறிவுத்திறன் அளவு 68. அறிவைக் கூட்ட, அல்ஜெர்னான் என்ற சுண்டெலிக்குச் செய்த மூளை அறுவைசிகிச்சையை அவனுக்கும் செய்கிறார்கள். ஐ.க்யூ. 185 வரை ஏறுகிறது; சில மாதங்களில் எல்லாம் இறங்கிவிடுகிறது. படித்தவர்கள் எல்லோரும் அழுததாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மூளை வளர்ந்தால் நண்பர்கள் போய்விடுவார்கள், காதல் கைகூடாது, கடைசியில் இருந்ததும் போகும். அதிகம் படித்தவன் கெட்டான் என்று என் பாட்டி வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்ததற்கு இத்தனை பக்கங்களா?

அடுப்படி:
பேக்கரிப் பகுதியை வேகமாகப் புரட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, சார். நான் 22 ஆண்டுகளாக பெங்களூரில் பேக்கரி அடுப்பின் முன்னால் நிற்பவன். கிம்பி என்ற ஊழியன், தெரிந்த வாடிக்கையாளர்களிடம் விலையைக் குறைத்து வாங்கி, மிச்சத்தில் பங்கு போட்டுக்கொள்கிறான். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் சார்லிக்கு அங்கே ஆகாமல் போகிறது. பிறகு அவனை வெளியேற்றச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஃபேனி என்ற பெண் மட்டும் போடவில்லை. அவளும் அவனை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஏவாள் கனி தின்ற கதையைச் சொல்லித்தான் அவனை அனுப்புகிறாள். அவன் புத்திசாலி ஆனதில் இவர்களுக்கு என்ன நஷ்டம்? இத்தனை நாளும் யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ, அவன் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் கடையில் தட்டுக்கு எண்ணெய் தடவும் பையன் ஒருவன் இருக்கிறான். பத்துக்கு மேல் எண்ண வராது. ஆனால் ரொட்டியின் அடியை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே வெந்துவிட்டதா என்று சொல்வான். ஒரு நாளும் தப்பியதில்லை. மாஸ்டர்கள் அவனைக் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். யாரும் கேலி செய்யாத நாளில் அவனே வந்து, “அண்ணா, என் மேல் கோபமா?” என்று கேட்பான். இந்த நாவலைப் படித்த பிறகு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

ஒயிட்ஃபீல்டுவாசி:
அப்படியென்றால் அந்தப் பையனுக்கு விஷயம் புரியவேண்டுமா, புரியாமலே இருக்கவேண்டுமா? அதைச் சொல்லுங்கள். சார்லி கடைசியில் அதே பேக்கரிக்குத் திரும்புகிறான். புதிதாக வந்தவன் வம்புக்கு இழுத்ததும் பழைய ஆட்கள் காவலுக்கு வருகிறார்கள். தாழ்ந்து வந்தால்தான் அன்பு கிடைக்குமா?

தாமத எழுத்து:
நான் அல்சூரில் பிறந்தவள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து 38 வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அதனால் சார்லியின் முதல் அறிக்கைகளை என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை. நாவல் முழுவதும் அவன் எழுதும் அறிக்கைகள்தான். ஆரம்பத்தில் எழுத்துப் பிழை மயம். காற்புள்ளி என்ற ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்ட அன்று வாக்கியம் முழுக்கக் காற்புள்ளியாகத் தூவி வைக்கிறான். எனக்கு அப்படி ஒரு வாரம் ‘ழ’ பிடித்துக்கொண்டது. கடைக்குப் போகும் சீட்டில் ‘பழ்பொடி’ என்று எழுதினேன்.

இரண்டு பக்கம் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன், நடக்கவில்லை. ல, ள, ழ மாற்றிப் போட்டால் அறிவு குறைந்தவன் என்று எந்தத் தமிழ் வாசகரும் நினைக்கமாட்டார். நம் ஊர்ப் பெயர்ப்பலகைகள் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன!

மல்லேஸ்வரம் வாத்தியார்:
‘கடைக்குப் போகும் சீட்டில்’ என்றால் சீட்டா கடைக்குப் போகிறது? போகட்டும். ஒயிட்ஃபீல்டு நண்பருக்கு ஒரு திருத்தம். அறிவைக் கதை தண்டிக்கவில்லை. ஏற்றிய அறிவு எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ற வேகத்தில் இறங்கும் என்பதைக் கண்டுபிடிப்பவனே சார்லிதான். அந்த ஆய்வை நடத்திய பேராசிரியர் நீமர் தவறவிட்டதை அவன் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கிறான். தன் வீழ்ச்சியைத் தானே நிரூபித்தவனை அறிவுக்கு எதிரான பாத்திரம் என்பது அநியாயம். இன்னொன்று: இந்திய ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையை நீமர் படிக்கவில்லை, அவருக்கு ஹிந்தி தெரியாது. ஹிந்தி தெரியாததற்காக அமெரிக்காவிலும் ஒருவர் தலைகுனிந்தார் என்று படித்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். ‘கேலக்ஸி’ என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் சிறுகதையின் முடிவைச் சுபமாக மாற்றச் சொன்னார், கீஸ் மறுத்து வேறு இதழுக்குக் கொடுத்தார். மாற்றியிருந்தால் இன்று நாம் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

நார்மாவின் கட்சி:
எல்லோரும் சார்லியைப் பற்றியே பேசுகிறீர்கள். அறுவைசிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்தது யார்? அவன் தங்கை நார்மா. அந்த இடம் கதையில் ஒரு வரிதான். நான் அங்கேயே புத்தகத்தை மூடிவைத்தேன்.

என் அண்ணனுக்கு வயது 41. அறிவு வளர்ச்சிக் குறைபாடு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி நான் அவனுடைய சட்டப்பூர்வக் காப்பாளர். பல் பிடுங்க மயக்கமருந்து கொடுக்கவேண்டும் என்றபோதும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் ‘நோயாளியின் கையொப்பம்’ என்ற கட்டத்தில் நர்ஸ் ஒரு கோடு இழுத்துவிட்டார். அண்ணன் அந்தக் கோட்டின் மேல் தன் பெயரை எழுதினான். ‘கு’ மட்டும் திரும்பியிருந்தது. அதை அடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நார்மா சிறுவயதில் சார்லியிடம் கொடுமையாக நடந்துகொண்டாள்தான். ஆனால் புத்தி தடுமாறிய தாயுடன் தனியாக அதே வீட்டில் கிடந்தவளும் அவள்தான். உங்களில் ஒருவர்கூட அவள் பெயரை எடுக்கவில்லை. கீஸ் நல்ல எழுத்தாளர்தான், ஆனால் காப்பகத்துக்குப் போகிறேன் என்று சார்லியே முடிவெடுத்துவிடுகிறான் பாருங்கள், அதில் எல்லோருடைய பாரமும் இறங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படித் தாமாக எழுந்து போவதில்லை.

ஒயிட்ஃபீல்டுவாசி:
நார்மாவை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதே அறுவைசிகிச்சை, இறங்காது என்ற உறுதியோடு நாளை வந்தால், கையெழுத்துப் போடுவீர்களா?

நார்மாவின் கட்சி:
நேற்று இரவு அவனிடமே கேட்டேன். உனக்கும் எல்லாம் படிக்க வரும், கணக்கு வரும், தனியாக பஸ்ஸில் போகலாம் என்றேன். “ஊசி போடுவார்களா?” என்றான். போடுவார்கள் என்றேன். வேண்டாம் என்றான்.

ஒயிட்ஃபீல்டுவாசி:
ஊசிக்குப் பயந்து சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.

நார்மாவின் கட்சி:
எனக்கும் அதே சந்தேகம் வந்தது. ஊசி இல்லாமல் என்றால் என்று திரும்பக் கேட்டேன். பஸ்ஸில் நீயும் வருவாயா என்று கேட்டான்.