க்னோமுக்கும் கேடிஇக்கும் இடையே இமேஜ் மாற்றியவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஃபெடோரா சில்வர்ப்ளூதான் என் வழக்கமான சிஸ்டம். க்னோம் டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ் அது; முழு சிஸ்டமும் ஒரே தொகுப்பாக, அதாவது இமேஜாக வரும். இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க, இமேஜை மாற்றும் ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ ரீபேஸ் கட்டளையைக் கொடுத்து, கேடிஇயோடு வரும் கினோயிட்டுக்குப் போனேன். போனதில் ஒரு குறையும் இல்லை, திரும்பி வந்ததில்தான் சிக்கல். ரோல்பேக் (பழைய இமேஜுக்குத் திரும்புவது) முடிந்து க்னோமில் நுழைந்தால் செயலிகளில் கேடிஇயின் பிரீஸ் தீம், கேடிஇயின் மவுஸ் குறி, வேறு எழுத்துரு. சாளரங்களில் சிறிதாக்கும் பொத்தான்கூட முளைத்திருந்தது. (அது வசதிதான், அப்படியே விட்டுவிட்டேன்.)

ரோல்பேக் பழைய யூஎஸ்ஆரையும் (சிஸ்டம் நிரல்கள்) பழைய ஈடிசியையும் (சிஸ்டம் அளவிலான அமைப்புகள்) கொண்டுவரும். நம் சொந்தக் கோப்புகள் உள்ள ஹோம் கோப்புறை, இமேஜோடு மாறாத வார் பகுதியில் இருப்பதால் எந்த இமேஜில் ஏறினாலும் அதே ஹோம்தான். ஜிடிகே செயலிகளும் (க்னோம் வகைச் செயலிகள்) தன் தோற்றத்துக்கு ஒத்துப்போகட்டும் என்று கேடிஇ அங்கே ஜிடிகே 3, ஜிடிகே 4 அமைப்புகளை எழுதிவைக்கிறது, க்னோம் தன் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃபிலும் கைவைக்கிறது. அந்த இரண்டு ஜிடிகே கோப்புறைகளுக்கும் பெயர் மாற்றினேன். டிகான்ஃபில் க்னோம் டெஸ்க்டாப்பின் இன்டர்ஃபேஸ் பகுதியை மட்டும் ரீசெட் செய்தேன். சரியாகிவிட்டது. க்னோம் முழுவதையும் ரீசெட் செய்யச் சொல்வார்கள், வேண்டாம். குறுக்குவிசைகள், எக்ஸ்டென்ஷன் பட்டியல் எல்லாம் போய்விடும். ஜிடிகே 3 கோப்புறையை அழித்தும் விடாதீர்கள், கோப்பு மேலாளரின் புக்மார்க்குகள் அதில்தான் இருக்கின்றன.

—

தீமாவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு வந்தது வேறு. குரோமியம் வகை உலாவியைத் திறந்தால் எல்லாத் தளங்களிலும் லாகவுட், சேமித்த கடவுச்சொற்களையும் காணோம். அவற்றைப் பூட்டிவைக்கும் சாவி கேடிஇயில் கேவாலெட் என்ற பெட்டியில் இருக்கும், க்னோமில் க்னோம் கீரிங் என்ற பெட்டியில். டெஸ்க்டாப் மாறியதும் உலாவி வேறு பெட்டியில் சாவியைத் தேடுகிறது. பழைய இமேஜுக்குப் போய்க் கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்து கொண்டுவந்தேன். மாறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

—

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நான் ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனிப் பயனர் கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கை ரீபேஸுக்கு முன்பே உருவாக்குங்கள். புது இமேஜுக்குப் போன பிறகு உருவாக்கினால் அது அந்த இமேஜின் ஈடிசியில் மட்டும்தான் இருக்கும். ரோல்பேக் செய்தால் ஹோம் கோப்புறை கிடக்கும், ஆளைக் காணோம்!

அப்புறம், நன்றாக ஓடும் பழைய இமேஜை ‘ஓஎஸ்ட்ரீ அட்மின் பின்’ கட்டளையால் நீங்காதபடி நிறுத்திவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது இமேஜில் அடுத்த அப்டேட் வந்து மறுதொடக்கம் செய்ததும் பழையது கழன்றுபோகும்.

—

தனிக் கணக்கு நல்ல யோசனை. ஆனால் ஃபிளாட்பேக்குகளை (இமேஜுக்கு வெளியே தனியாக நிறுவும் செயலிகள்) சிஸ்டம் அளவில் நிறுவியிருந்தால் அவை இரண்டு கணக்கிலும் வரும், கேடிஇ மெனுவில் க்னோமின் கால்குலேட்டரும் நிற்கும். எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்தினால் இனிமேல் நிறுவுவதை யூசர் அளவில் நிறுவிக்கொள்ளலாம்.