நிலக்கடலை, முந்திரி ஆகாத பையனுக்கு ஸ்கூல் ஸ்நாக்ஸ் என்ன குடுக்கறது?

கோபிக்காரி:

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

பையனுக்கு 5 வயசு, யூகேஜி. தை மாசம் ஒரு விசேஷ வீட்டுல முந்திரி பக்கோடா ரெண்டு துண்டு சாப்பிட்டான், பத்து நிமிஷம் இருக்கும், உதடு வீங்கி உடம்பு பூரா தடிப்பு, அப்புறம் வாந்தி, குரலே மாறிப்போச்சு. தூக்கிட்டு ஓடுனோம், தொடையில ஊசி போட்டு ராத்திரி பூரா வச்சிருந்து தான் அனுப்புனாங்க. அப்புறம் கோயமுத்தூர்ல அலர்ஜி டாக்டர்கிட்ட காட்டுனோம், கையில சொட்டு சொட்டா விட்டு குத்திப் பாக்கற டெஸ்ட்டும் ரத்த டெஸ்ட்டும் எடுத்தாங்க. நிலக்கடலை, முந்திரி, பிஸ்தா மூணும் ஆகாதுன்னு வந்திருக்கு. பால், முட்டை, கோதுமை பிரச்சனை இல்லை. கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, எள்ளு எல்லாம் முன்ன மாதிரியே சாப்பிடலாம்னுட்டாங்க.

வீட்டு சாப்பாடு எப்படியோ சமாளிச்சுட்டேன். 10.40க்கு ஒரு ஸ்நாக்ஸ் பிரேக் விடறாங்க, அதுதான் பெரும்பாடா இருக்கு. தினமும் ஆப்பிள், வாழைப்பழம், மினி இட்லின்னு மாத்தி மாத்தி வைக்கறேன், அன்னைக்கு வந்து "என் டப்பாவ ஆஸ்பத்திரி டப்பாங்கறாங்கம்மா"ன்னு சொல்றான். கேட்டதும் எனக்கு அன்னைக்கு சோறே இறங்கலைங்க.

மொறுமொறுன்னு இருக்கணும், ராத்திரியே செஞ்சு வைக்கறதா இருக்கணும் (8 மணிக்கு நான் வேலைக்கு கிளம்பிடுவேன்), பாக்க மத்த பசங்க டப்பா மாதிரி இருக்கணும். தட்டை, முறுக்கு மாமியார் நல்லா செய்வாங்க, ஆனா அவங்க வீட்டுல தாளிக்கறதுக்கும் பொரிக்கறதுக்கும் செக்குல ஆட்டுன கடலெண்ணெய் தான், அதுவும் கூடாதான்னு தெரியலை.

இன்னொண்ணு. ஸ்கூல்ல ஆயாம்மாகிட்ட "இவனுக்கு கடலை குடுத்துராதீங்க"ன்னு சொல்லி வச்சிருந்தேன். போன வாரம் நான் வச்ச கொண்டைக்கடலை சுண்டலை பிடுங்கி வச்சுட்டாங்க, பக்கத்துல இருந்த பையன் குடுத்த நிலக்கடலை பர்பியை விட்டுட்டாங்க! நல்ல நேரம், வாய்க்கு போறதுக்குள்ள மிஸ் பாத்துட்டாங்க. ஆயாம்மாவ குத்தம் சொல்லி என்ன பண்ண, நான் கடலைன்னேன், அவங்களுக்கு சுண்டல்ல இருக்கறதும் கடலை தானே.

—

கோவில்பட்டி_மருமக:

நான் கோவில்பட்டி பாத்துக்கிடுங்க. 2020ல கடலை மிட்டாய்க்கு புவிசார் குறியீடு வாங்குன ஊரு, எந்தத் தெருவுக்குள்ள போனாலும் பாகு வாசம். எம் பிள்ளைக்கு வேர்க்கடலை அலர்ஜி. என்னத்தச் சொல்ல. சொந்தக்காரவுங்க யாரு வந்தாலும் கையில ஒரு பாக்கெட் மிட்டாயோட தான் வாராங்க. நாலு வருசமா இதோட ஓட்டுதேன், அதனால சொல்லுதேன்.

உங்க பையன் கேக்குறது பொரி உருண்டைதான். பாக்க மிட்டாய் மாதிரி இருக்கும், கடிச்சா சத்தம் வரும், ஒரு வாரம் டப்பாவுல கெடக்கும். ஆனா லூசுல விக்கிற பொரியை வாங்கிராதீங்க. பொரி மூட்டை, பொரிகடலை மூட்டை, வறுத்த வேர்க்கடலை மூட்டை மூணும் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரே படியை வச்சு மூணையும் அள்ளுவாங்க, பல இடத்துல வறுக்கிற மணலும் ஒண்ணுதான். பாக்கெட் பொரி வாங்கி, அலர்ஜி வரியை படிச்சுப் பாருங்க, வேர்க்கடலை கலந்திருக்கலாம்னு போட்டிருந்தா அதையும் விட்டுருங்க. எனக்கு அதுவும் தோதுப்படல, கெட்டி அவலை வெறும் சட்டியில மொறுமொறுன்னு வறுத்து அதுல செஞ்சிருதேன்.

நாலு கப் பொரிக்கு ஒரு கப் வெல்லம், கால் கப் தண்ணி. கரைஞ்சதும் வடிகட்டி திரும்ப அடுப்புல வச்சு, ஏலக்கா, சுக்கு தட்டிப் போடுங்க. பாகு பதம் தான் முக்கியம். கிண்ணத்து தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டி எடுத்து தட்டுல போட்டா டங்குனு சத்தம் வரணும். மெத்துனு விழுந்தா இன்னும் ரெண்டு நிமிசம். முந்தி இறக்கிட்டா மறுநாள் நமுத்துப் போயி பிள்ளைக எறிஞ்சிட்டு வந்துரும், ரொம்ப விட்டா பல்லு போகும். இறக்குனதும் பொரியைக் கொட்டி கிளறி, கையில அரிசி மாவு தொட்டுக்கிட்டு சூட்டோட சூடா பிடிங்க, ஆறிட்டா உருண்டை பிடிக்காது. தேங்காயை பல்லு பல்லா கீறி, ஈரம் போக வறுத்துச் சேத்தா பருப்பு கடிபடுற மாதிரியே இருக்கும். எம் பிள்ளை அதைத்தான் "என் கடலை மிட்டாய்"ங்கான்.

செக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம்த்தா. அதுல கடலையோட புரதம் தங்கும், அலர்ஜி அந்தப் புரதத்துக்குத்தான். ரீஃபைன்ட் ஆயில்ல அது பெரும்பாலும் போயிருது, இருந்தாலும் நான் அந்த வம்புக்கே போறதில்ல, வீடு மொத்தமும் சூரியகாந்தி எண்ணெய், தேங்காண்ணெய்னு மாத்திட்டேன். மாமியாருக்கு ஒரு மாசம் முகம் தூக்கல், அப்புறம் சரியாயிட்டாங்க.

—

பழைய_வாத்தியார்:

எங்க காலத்தில் இந்த அலர்ஜி எல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. காட்டிலேயே கடலை பிடுங்கித் தின்றோம். தினமும் அரைக் கடலை, ஒரு கடலை என்று கொஞ்சம் கொஞ்சமாக கொடுத்துப் பழக்கினால் உடம்பு தானாக ஏற்றுக்கொள்ளும். பிள்ளையை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்காதீர்கள்.

—

கோவில்பட்டி_மருமக:

ஐயா தப்பா நினைக்காதீங்க, இதைப் படிச்சிட்டு யாராவது வீட்டுல செஞ்சிரக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்குற வைத்தியம் இருக்கு, ஆனா மில்லிகிராம் கணக்குல அளந்து, டாக்டர் கண்ணு முன்னாடி, ஊசி கைக்கெட்டுற தூரத்துல வச்சிக்கிட்டு செய்வாங்க. அடுப்படியில அரைக் கடலையைப் பிச்சுக் குடுக்கிற சோலி இல்ல. அந்தப் பிள்ளைக்கு குரல் மாறியிருக்குன்னு எழுதியிருக்காங்கல்லா, மூச்சுக்குழாய் வரைக்கும் போயிருக்கு.

கோபி அக்கா, செட்ரிசின் சிரப் அரிப்பு தடிப்புக்குத்தான். மூச்சு இழுத்தா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, துவண்டா அட்ரினலின் ஊசிதான், சிரப்பைக் குடுத்துட்டு பாப்போம்னு உக்காந்திராம 108க்கு அடிங்க. இதை ஸ்கூலுக்கும் எழுதியே குடுங்க, டாக்டர்கிட்ட ஒரு பக்கத்துல எழுதி வாங்கிக்கிடுங்க.

—

ஸ்காபரோ_யாழினி:

அக்கா, உங்கட கடலைக் கதையை வாசிச்சு சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்லை. எங்கட ஊர்ல கடலை எண்டால் கொண்டைக்கடலைதான், நீங்கள் சொல்லுற நிலக்கடலை எங்களுக்கு கச்சான். என்ர மகளின்ர வகுப்பில ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, அந்தத் தாயும் நானும் ஒரு நாள் அரை மணித்தியாலம் கடலை கடலை எண்டு கதைச்சிருக்கிறம், பிறகுதான் விளங்கினது ரெண்டு பேரும் வேற வேற சாமானைப் பற்றிக் கதைச்சிருக்கிறம் எண்டு.

இஞ்ச கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில இதுக்கு சட்டமே இருக்கு. சப்ரினா ஷானன் எண்ட 13 வயசுப் பிள்ளை 2003இல பள்ளிக்கூட சிற்றுண்டிச்சாலையில சாப்பிட்ட ஃப்ரைஸில பால் பட்டிருந்ததால செத்துப்போச்சு. அந்தப் பிள்ளையின்ர பேரிலதான் சட்டம், 2006 ஜனவரி 1 இல இருந்து நடைமுறையில இருக்கு. கடும் அலர்ஜி உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் திட்டம் பள்ளிக்கூடத்தில இருக்கவேணும், ஆசிரியர்மாருக்குப் பயிற்சி குடுக்கவேணும். உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாட்டிலும் அந்தத் திட்டத் தாளை நீங்களே எழுதிக் குடுக்கலாம்தானே. பிள்ளையின்ர படம், என்ன ஆகாது, என்ன நடந்தால் என்ன செய்யிறது, ஆருக்கு அடிக்கிறது.

கை துடைக்கிறதையும் சொல்லி வையுங்கோ. கச்சான் பட்ட கைக்கு சானிடைசர் பூசினால் கிருமிதான் சாகும், கச்சான் புரதம் அங்கனேக்கதான் இருக்கும். சவுக்காரமும் தண்ணியும் வேணும், இல்லாட்டி ஈரத்துடைப்பான்.

இஞ்ச நட்ஸுக்குப் பதிலா சூரியகாந்தி விதைதான் கனபேர் பாவிக்கிறவை. நானும் அரைச்சு பேக்கிங் சோடா போட்டு மஃபின் செய்து வைச்சனான், அடுத்தநாள் வெட்டிப் பார்த்தால் உள்ளுக்க பச்சை! பூஞ்சணம் எண்டு பன்னிரண்டையும் குப்பையில கொட்டிப்போட்டு இருந்து அழுதனான். பிறகுதான் தெரியும், அந்த விதையில இருக்கிற ஒரு அமிலம் சோடாவோட சேர்ந்தால் பச்சையாகுமாம், சாப்பிட ஒண்டும் செய்யாது. சோடாவைக் குறைச்சு கொஞ்சம் தேசிக்காய்ப்புளி (உங்கட எலுமிச்சைச் சாறு) விட்டால் வராது. இப்ப மகள் வேணுமெண்டே பச்சை மஃபின் கேக்கிறாள்.

—

மில்லுக்காரன்:

ஏனுங்க அக்கா, எல்லாரும் பலகாரம் சொல்றாங்க, நான் மாவைப் பத்திச் சொல்றனுங்க. காங்கேயம் பக்கம் எங்கப்பா மாவு மில் வச்சிருக்கறாரு, ஒட்டுனாப்புல செக்கும் போட்டிருக்கறோம், சின்னதுல இருந்து நான் அங்கதான் கெடக்கறன், அதனால உள்ளது உள்ளபடி சொல்லோணும்.

இப்ப மில்லுக்கு வர்றதுல பாதி சத்துமாவுங்க. நிலக்கடலை, முந்திரி, பாதாம் எல்லாத்தையும் வறுத்துக் கலந்து கொண்டாருவாங்க. அது ஓடி முடிஞ்சதும் அடுத்த ஆளு பச்சரிசியக் கொட்டுவாரு. முதல்ல உழுகற ரெண்டு மூணு கைப்பிடி முந்தின ஆளோட மாவு தானுங்க, அது எல்லாத்துக்கும் தெரியும். மாவு உழுகற வாயில ஒரு துணிப்பை கட்டியிருக்குமில்லீங்க, அதை உதறுனா ஒரு வாரத்து மாவும் கொட்டும். கல்லு இடுக்குல இருக்கறது தனி. காலைல முதல் ஆளா வந்து ஒரு கிலோ அரிசி சும்மா ஓட்டிட்டு அரைச்சுக்கறன்னு சில பேரு வருவாங்க, அதுலயும் நான் உறுதி சொல்ல மாட்டனுங்க. செக்கும் அதே கதைதான். எள்ளு, கடலை, கொப்பரை மூணும் ஒரே செக்குல ஓடுது, நடுவுல வழிச்சுத்தான் எடுப்போம், கழுவறதுக்கெல்லாம் வழியில்லைங்க. அதனால செக்கு தேங்காண்ணெய் வாங்குனாலும் கேட்டு வாங்குங்க.

பச்சரிசிய கழுவி ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, வடிச்சு, நெழல்ல துணி மேல முக்கால் மணி நேரம் ஆறப் போட்டு மிக்சில அரைச்சு சலிச்சுக்கோங்க. கையில பிடிச்சா பிடிபடற ஈரம் இருக்கறப்பவே அரைச்சுரோணும். அப்புறம் லேசா வறுத்து வச்சீங்கன்னா மாசக்கணக்குல இருக்கும், கொழுக்கட்டைக்கும் ஆகும், தட்டைக்கும் ஆகும். எங்கப்பாவுக்கு இதைச் சொன்னது தெரிஞ்சா யாவாரத்தக் கெடுக்கறியாடாம்பாரு :)

—

நெய்_இல்லாத_வீடு:

எங்க பொண்ணுக்கு பால் அலர்ஜி, லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை செரிக்காதது வேற இது வேற. ஆட்டுப்பால் குடுங்க, எருமைப்பால் குடுங்கன்னு பத்து பேர் சொல்லியாச்சு, பசும்பால் புரதம் ஆகாதவங்களுக்கு அதுவும் பெரும்பாலும் ஆகாது. நெய்யிலயும் பால் புரதம் துளி தங்கும். ஸ்நாக்ஸுக்கு எங்க வீட்டுல பிடி கொழுக்கட்டைதான், அரிசி ரவையில வெல்லம், தேங்காய், ஒரு ஸ்பூன் தேங்காண்ணெய். மாவுல செஞ்சா 10 மணிக்கெல்லாம் ரப்பராகுது, ரவையில செஞ்சா மத்தியானம் வரைக்கும் மெத்துனு இருக்கு. கோதுமை ஆகாத பிள்ளைங்க யாராவது இருந்தா பெருங்காயத் தூள் டப்பாவ திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்டுல ஆறு மாசம் அதைக் கண்டுபிடிக்காம அலைஞ்சாங்க.

—

கோபிக்காரி:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு வாரம் கழிச்சு வர்றேன்.

மில்லுக்காரத் தம்பி, நீங்க எழுதுனதப் படிச்சுட்டு வீட்டுல இருந்த மாவு டப்பா மூணையும் பக்கத்து வீட்டுக்கு குடுத்துட்டேன். அவன் சத்துமாவு தின்னு மூணு வருஷமாச்சு, அப்பப்ப காரணமே இல்லாம உடம்புல தடிச்சுதே, அது எதுல வந்துச்சோ. இப்ப மிக்சிதான். மாமியார் முதல்ல "ஒரு கடலெண்ணெய்க்கா இத்தனை"ன்னாங்க, அந்த ராத்திரி ஆஸ்பத்திரில எடுத்த போட்டோவ காட்டுனேன், ஒண்ணும் பேசலை, மறுநாள் அவங்களே பொரிக்கற சட்டிய தேய்ச்சு வெயில்ல காயவச்சு சூரியகாந்தி எண்ணெயில தட்டை சுட்டாங்க. நிலக்கடலைக்கு பதிலா ஊறவச்ச கடலைப்பருப்பு.

பொரி உருண்டை முதல் ஈடு நமுத்துப்போச்சுங்க, டங்குனு கேக்கலை, எனக்கு பொறுமை இல்லாம இறக்கிட்டேன். ரெண்டாவது சரியா வந்துச்சு.

அப்புறம் ஸ்கூலுக்கு ஒரு அட்டை எழுதிட்டேன். அவன் போட்டோ, கீழ பெருசா: வேர்க்கடலை, நிலக்கடலை, கல்லக்கா, மல்லாட்டை, மணிலாக்கொட்டை, கச்சான், பர்பி, கடலை மிட்டாய், முந்திரி, பிஸ்தா ஆகாது. சுண்டல், பொட்டுக்கடலை சாப்பிடலாம். கச்சானை யாழினி அக்காவுக்காக சேத்தேன், கோபில யாரு சொல்லப்போறாங்க, இருந்துட்டுப் போகட்டும். ஆனா பாருங்க, ஆயாம்மா கடலூர் பக்கத்துக்காரங்களாம், அட்டையைப் படிச்சுட்டு "அட மல்லாட்டையா, இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா"ன்னாங்க!

வெள்ளிக்கிழமை கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு பொறந்தநாள், சாக்லேட் குடுப்பாங்க. மிஸ்கிட்ட ஒரு சின்ன டப்பாவுல நான் செஞ்ச உருண்டை அஞ்சு குடுத்து வச்சிருக்கேன், அவனுக்கு அதுல இருந்து எடுத்துக் குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நேத்து வந்து அதுல ரெண்டு குறையுதுன்னான். யாருடா தின்னதுன்னா, மிஸ்ஸாம்.