கலைச்சொல்: 'சமூகச் சிதறல்' வேண்டாம், வேறு சொல் பார்க்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

> ஒரே குழுவினர் ஃபெடிவர்ஸில் (தனித்தனியாக நடத்தப்பட்டாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளங்களின் தொகுப்பு) பல வழங்கிகளில் (சர்வர்களில்) பிரிந்து கிடப்பதற்கு 'சமூகச் சிதறல்' என்று போட்டுவிடலாமா?

போட வேண்டாம் என்பது என் கருத்து. சிதறல் என்பதை இயற்பியல் எடுத்துக்கொண்டது, ஒளிச்சிதறல் என்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். அது பெரிய தடையில்லை, ஒரு சொல் இரண்டு துறையில் இருக்கலாம். என் தயக்கம் பொருளில்தான். சிதறியது என்றால் கைவிட்டுப் போனது. சிதறுகாய் உடைத்தபின் அது தேங்காயாகத் திரும்பி வராது. 'பிளவு' என்றால் சண்டை நடந்திருக்க வேண்டும். 'துண்டாடல்' என்றால் வெட்டியவர் ஒருவர் வேண்டும். நமக்கு நடந்தது இந்த மூன்றுமே இல்லை.

நம் வட்டாரச் சொல் சேகரிப்பையே எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறும்வரை ஒரே இடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் சிலர் ஃபெடிவர்ஸில் இருக்கும் மாஸ்டடானுக்குப் போனோம், அதிலும் ஆளுக்கொரு வழங்கி. சிலர் ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்துக்குப் போனார்கள். யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் "ஒடக்கான் என்பது எல்லா ஊரிலும் ஓணான்தானா, வேறு பல்லியையும் அப்படிச் சொல்கிறார்களா" என்று கேட்டபோது, என் திரையில் இரண்டு மறுமொழிகள்தான் இருந்தன. அவருக்கு வந்தவை பதினொன்று. சத்தியமங்கலத்துப் பக்கம் வேறு பொருள் இருப்பதாக ஒருவர் விரிவாக எழுதியிருந்ததை நான் பார்த்தது மூன்று மாதம் கழித்து.

காரணம் எளிது. ஃபெடிவர்ஸ் வழங்கிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் (2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ த்ரீ சி-யின் பரிந்துரையாக வந்தது) பதிவு எல்லா இடத்துக்கும் போவதில்லை. யார் பின்தொடர்கிறார்களோ, யார் பெயர் குறிப்பிடப்படுகிறதோ, அவர்கள் இருக்கும் வழங்கிக்குத்தான் போகும். கேட்டவருக்கு எல்லா மறுமொழியும் வந்துவிடும். ஆனால் மறுமொழி எழுதியவரை என் வழங்கியில் ஒருவரும் பின்தொடராவிட்டால் அது என் பக்கம் வரக் காரணமே இல்லை. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் வழங்கியில் யாராவது ஒருவர் பின்தொடர்ந்திருப்பார். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் அந்த வாய்ப்பு குறைவு. ப்ளூஸ்கை இன்னும் தள்ளி இருக்கிறது. அதன் நெறிமுறையே வேறு, நடுவில் பாலம் போட்டால்தான் பேச்சு.

அதனால் என் பரிந்துரை: பாத்திப்பிரிவு.

பாத்தி கட்டிய தோட்டம் உடைந்த தோட்டம் அல்ல. நீர் நிற்க வேண்டும் என்றுதான் வரப்பு போடுகிறோம். ஒவ்வொரு வழங்கிக்கும் தனி விதி, தனிக் காவல், தனிப் பேச்சுமொழி இருப்பது ஃபெடிவர்ஸின் குறை இல்லை, அதை அப்படித்தான் கட்டினார்கள். ஆங்கிலத்து 'ஃபிராக்மென்டேஷன்' முழுதாக இருந்த பாத்திரம் உடைந்ததாகப் பேசுகிறது. நாம் ஏன் அந்த அழுகையைக் கடன் வாங்க வேண்டும்?

ஒரு வழங்கியை இன்னொன்று முழுக்கத் துண்டிப்பதற்கு மடையடைப்பு என்றும் வைக்கலாம். நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு இப்போது இருக்கும் 'கூட்டமைப்பு நீக்கம்' தொழிற்சங்கச் செய்தி போல இருக்கிறது. 2019-இல் வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன காப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது ஏராளமான வழங்கிகள் அதற்கு மடையடைத்தன என்று எழுதிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

பெருந்துறையிலிருந்து

---

தம்பி,

மடையடைப்பு அருமையான சொல்லுங்க, அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பாத்திப்பிரிவில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது.

பாத்தி கட்டுகிறவர் மண்வெட்டியோடு பக்கத்திலேயே நிற்பார். ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார். எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் போய்ச் சேர்வதற்குத்தான் அந்த வேலையே. நீங்கள் சொன்ன ஒடக்கான் கதையில் தண்ணீர் வந்து சேரவில்லையே. அதற்கு எங்கள் ஊரில் புதிதாகச் சொல் செய்ய வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நாங்கள் கடைசியில் இருக்கிறோம். மொத்தம் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். காகிதத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. வாய்க்காலும் எங்கள் காடு வரைக்கும் வெட்டித்தான் இருக்கிறது. எங்களுக்கு யாரும் மதகை அடைக்கவில்லை. ஆனாலும் வந்து சேர்வது ஈரம்தான். அதன் பெயர் கடைமடை.

நாற்பது பேர் இருக்கும் உங்கள் வழங்கி கடைமடை வழங்கி. பிரிந்திருப்பது வேறு, எட்டாமல் போவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் பாத்தி நன்றாகத்தானே இருக்கிறது என்று எட்டாதவன் குறை மறைந்துவிடும். எங்களுக்கு அது பழகிய கதை என்பதால் சொல்கிறேன்.

வெள்ளகோவிலிலிருந்து

---

அண்ணா,

நீங்கள் சொன்னபிறகு என் மடலைத் திரும்பப் படித்தேன். அழுகையைக் கடன் வாங்க வேண்டாம் என்று எழுதிய வேகத்தில், எனக்கே கிடைக்காமல் போன ஒன்பது மறுமொழிகளை நான் விட்டுவிட்டேன். பிரிவும் எட்டாமையும் வேறுதான். பட்டியலில் தனித்தனியாகப் போடுகிறேன்.

பாத்திப்பிரிவு: ஒரு சமூகம் பல வழங்கிகளில், தனித்தனி விதிகளோடு பகுதியாக அமைந்திருப்பது.

கடைமடை: வழங்கிகளுக்கு இடையே இணைப்பு இருந்தும் பதிவோ மறுமொழியோ வந்து சேராத நிலை. எடுத்துக்காட்டு: 'எங்கள் வழங்கி கடைமடையில் இருப்பதால் அந்த உரையாடலில் பாதிதான் தெரிந்தது.'

இன்னொன்றும் இருக்கிறது. சிறு வழங்கியை நடத்துபவர் மூடிவிட்டால் என்ன பெயர்? எனக்கு அது நடந்தது. முன்னறிவிப்பு வந்த வாரத்திலேயே கணக்கை மாற்றினேன், பின்தொடர்பவர்கள் கூடவே வந்தார்கள். பழைய பதிவுகள் வரவில்லை, மாஸ்டடானில் அவை இடம்பெயர்வதில்லை. அங்கே நான் குறித்து வைத்த சொற்கள் இருந்தன. தரவிறக்கிய கோப்பு கையில் இருக்கிறது, ஆனால் அந்தச் சொற்களுக்குக் கீழே மற்றவர்கள் எழுதிய திருத்தங்கள் அதில் இல்லை. அதை மட்டும் 'சிதறல்' என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

மாஸ்டடானின் புதிய பதிப்புகளில் விடுபட்ட மறுமொழிகளைத் தேடிப் போய் எடுத்துவரும் வசதி வந்திருக்கிறது. அதற்கும் பெயர் வைக்க வேண்டும். நெடுநாள் கழித்துக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது உங்கள் பக்கம் அதை என்னவென்று சொல்வீர்கள்? பேச்சில் சொல்வது போலவே எழுதி அனுப்புங்கள்.

பெருந்துறையிலிருந்து