இந்தோனேசியப் பேச்சுமொழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இரண்டு வருடமாக மொபைல் கேமில் இரண்டு இந்தோனேசியப் பையன்களுடன் ஒரே அணியில் ஆடுகிறேன். பாடப்புத்தக மொழி ஓரளவு வரும். சாட்டில் அவர்கள் தட்டும் மொழிதான் பிடிபடவில்லை.

ஒருவன் ஜகார்த்தா. அவனிடம் 'ஆகு', 'காமு' (நான், நீ) என்று எழுதினால் காதலர்கள் பேசுவது போல இருக்கிறதாம். அங்கே நண்பர்களுக்குள் 'குவே', 'லு'தான். ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியிலிருந்து வந்தவை. சரி என்று அதையே இன்னொருவனிடம், கிழக்கு ஜாவாவின் மலாங் நகரத்து நண்பனிடம் போட்டேன். "எப்போது ஜகார்த்தாக்காரன் ஆனாய்?" என்று கேட்டுவிட்டான்!

அவன் ஊரில் சொற்களைத் திருப்பிப் போட்டுப் பேசுவார்கள். மலாங் 'ஙாலம்' ஆகும். அண்ணன் என்னும் 'மாஸ்', 'சாம்' ஆகும். போன வாரம் என்னையே 'சாம்' என்று கூப்பிட்டான். முதல்முறை ஒருவன் 'மச்சான்' என்று தோளில் கை போட்ட மாதிரி இருந்தது.

நானும் அவனை 'சாம்' என்று அழைக்கலாமா, வெளியாள் சொன்னால் ஒட்டாதா? அப்புறம், மூவரும் இருக்கும் குரூப்பில் 'நான்' என்பதற்கு எதைப் போடுவது? இப்போதைக்கு அந்தச் சொல்லே வராமல் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழக்கு ஜாவா பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்களேன்.