கெல்டிக் புலிக் காலத்தில் அயர்லாந்தில் "எல்லாரும்" கூத்தடித்தார்களா?

லிஃபிக்கரை:
90களின் நடுவிலிருந்து 2007 வாக்கு வரை அயர்லாந்துப் பொருளாதாரம் எகிறிய காலத்துக்குத்தான் கெல்டிக் புலி என்று பேர். அப்புறம் எல்லாம் சரிந்தது. 2010 நவம்பர். கடன் பேச ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஆட்கள் டப்ளினில் வந்து உட்கார்ந்திருந்த நேரம். நிதியமைச்சர் பிரையன் லெனிஹன் டிவியில் "நாம எல்லாரும்தான் கூத்தடிச்சோம்" என்றார். ஐரிஷ்காரர்கள் பலருக்கு அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை. என்னைக் கேட்டால் அதில் பாதிக்கு மேல் உண்மை. 80களில் வேலையில்லாதவர்கள் 17 சதவீதம் வரை போய், இளசுகள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் மூட்டை கட்டிய ஊர் அது. 2000 வாக்கில் 4 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. உடனே நினைப்பும் மாறிப்போச்சு. கிறிஸ்துமஸ் ஷாப்பிங்குக்கு நியூயார்க், முதலீட்டுக்கு பல்கேரியாவில் ஃப்ளாட். நாலு பேர் கூடினால் யார் வீடு என்ன விலைக்குப் போச்சு என்பதுதான் பேச்சு.

பழையபேப்பர்:
அண்ணே, அந்த "எல்லாரும்" யாரு? 2005லேயே பாங்குகள் 100 சதவீதக் கடன் கொடுக்க ஆரம்பித்துவிட்டன, கையிலிருந்து ஒரு யூரோ போட வேண்டாம். லீட்ரிம், லாங்ஃபர்ட் மாதிரி கிராமத்துப் பக்கம் வீடு கட்டினால் வரிச்சலுகை என்று 1998லிருந்தே அரசாங்கத் திட்டம் இருந்தது. குடியேற ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 2006ல் 42 லட்சம் பேர் உள்ள நாட்டில் கிட்டத்தட்ட 90,000 வீடு எழும்பியது. அதே வருஷ சென்சஸில், விடுமுறை வீடுகளையும் சேர்த்து, இரண்டரை லட்சத்துக்கும் மேல் காலி! தச்சு வேலைக்காரனும் டீச்சரும் பண்ணிய கூத்தா இது?

லிஃபிக்கரை:
பாங்கு நீட்டினால் வாங்கியே ஆகணுமா? சரி, பணத்தை விடு, பழக்கவழக்கத்துக்கு வா. டப்ளினில் விலை கட்டாமல் நேவன், போர்ட்லீஷ் என்று தள்ளிப்போய் வாங்கினார்கள். விடியுமுன் கார், குழந்தை கிரெஷ்ஷில், ராத்திரி மறுபடி ரோட்டில். பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரியாது. கிராமத்து பப்களும் ஒவ்வொன்றாய் மூடின.

மீனலோசனி:
பப்பை வைத்துக் கண்ணீர் விட வேண்டாம் சார். 15 வயசுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு வருஷம் 14 லிட்டர் சுத்த ஆல்கஹால் என்று குடி உச்சத்தைத் தொட்டது 2001ல், இதே செழிப்புக் காலத்தில்தான். 2004 மார்ச்சில் பப்புக்குள் புகைத்தடை, 2006ல் எங்கே வேண்டுமானாலும் காரை நிறுத்தி, குடித்திருக்கிறாரா என்று ஊதச்சொல்லும் போலீஸ் சோதனை. அதே 2006ல் அடக்க விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்ற சட்டமும் போனதால் சூப்பர்மார்க்கெட் பீர் மலிந்தது. ஆகவே குடி வீட்டுக்குள் நகர்ந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், எல்லாரும் ஏங்குகிற அந்தப் பழைய நெருக்கம் யாருக்கு சுகமாக இருந்தது? கல்யாணமானால் பெண்கள் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை. விவாகரத்துக்கு 1995ல்தான் வழி பிறந்தது, அதுவும் ஏறக்குறைய 9,000 ஓட்டு வித்தியாசத்தில். "கெட்டுப்போனவள்" என்று முத்திரை குத்திய பெண்களை அடைத்துவைத்து, கூலியில்லாமல் வேலை வாங்கி, கன்னியாஸ்திரிகள் நடத்திய மாக்டலீன் சலவைக்கூடங்களில் கடைசியானது டப்ளினில் மூடியது 1996 அக்டோபரில், அதாவது புலி ஏற்கெனவே பாய ஆரம்பித்த பிறகு! பக்கத்து வீட்டுப் பெண்ணை அங்கே அனுப்பினது எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த அந்த ஊர்தானே. சொந்தச் சம்பளம் வந்ததும் பெண்கள் பாதிரியாருக்கு பதில் சொல்வதை நிறுத்தினார்கள். இதைப் போய் சீரழிவு என்கிறீர்கள்.

லிஃபிக்கரை:
சலவைக்கூடத்தை நான் எங்கே நியாயப்படுத்தினேன் மேடம்? ஐரிஷ்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கட்டிய பிம்பத்தைச் சொல்கிறேன். "நாங்களும் ஊர் ஊராய்ப் போய்ப் பிழைத்தவர்கள், வந்தாரை வரவேற்போம்" என்று பேச்சு. 2004 ஜூனில், அயர்லாந்தில் பிறந்தாலே குடியுரிமை என்ற உரிமையை எடுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். 79 சதவீதம் பேர் "எடு" என்றார்கள்.

பழையபேப்பர்:
அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் போலந்து முதலான புது ஐரோப்பிய நாடுகளுக்கு வேலைக் கதவைத் திறந்தார்கள். பழைய உறுப்பு நாடுகளில் அப்படித் திறந்தது பிரிட்டன், ஸ்வீடன், அயர்லாந்து மட்டும். 2006 சென்சஸில் போலந்துக்காரர்கள் 63,000 பேர். கை வேண்டும், பிள்ளை வேண்டாம் என்ற கணக்கு. இது அசிங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லிஃபிக்கரை:
இருக்கு தம்பி. நாம்தான் ஐரோப்பாவுக்கே முன்மாதிரி என்ற மிதப்பு இரண்டிலும் உண்டு. எச்சரித்தவனை எவன் கேட்டான்? 2007 ஜூலையில் பிரதமர் பெர்டி அஹெர்னே, பொருளாதாரத்தைப் பற்றிக் குறை சொல்லி முனகுகிறவர்கள் ஏன் தற்கொலை செய்துகொள்ளாமல் இருக்கிறார்களோ என்று தொழிற்சங்க மாநாட்டில் பேசினார். அப்புறம் மன்னிப்பும் கேட்டார், அது வேற விஷயம். அதற்கு ஆறு வாரம் முன்னால், மே மாசம்தான் ஜனங்கள் அவரை மூன்றாவது தடவையாக ஜெயிக்க வைத்திருந்தார்கள்.

மீனலோசனி:
ஓட்டுப் போட்டவர்கள் கையில் அப்போது என்ன இருந்தது தெரியுமா? எஸ்எஸ்ஐஏ. நாலு யூரோ சேமித்தால் அரசாங்கம் ஒரு யூரோ சேர்க்கும் அஞ்சு வருஷக் கணக்கு. 2001-02ல் திறந்தது, தேர்தலை ஒட்டி முதிர்ந்தது.

பழையபேப்பர்:
2011 தேர்தலில் அதே ஜனம் அஹெர்ன் கட்சியை எழுபது சொச்சம் இடத்திலிருந்து 20க்கு இறக்கியது, அதையும் எழுதுங்கண்ணே. அந்த வருஷம் யுஎஸ்சி என்று வருமானத்தின் மேல் ஒரு புது வரியும் வந்தது. புலிக்காலத்தில் ஸ்கூலில் இருந்த பொடிசு இன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். இவன் எந்தக் கூத்தில் ஆடினான்?